பூங்காப் பராமரிப்புத் திட்டம் தயார், பணம்? தெருமுனைப் பூங்காவுக்கு நிதி திரட்ட முழுமையான வழிகாட்டி

பூங்காவுக்கு என்று கேட்டால் மரக்கன்று தரப் பத்துப் பேர் வருவார்கள், பெஞ்சு வாங்கித் தர நாலு பேர் வருவார்கள், தோட்டக்காரருக்கு மாதச் சம்பளம் தர ஒருவரும் வரமாட்டார். நன்றாக யோசித்து எழுதிய பராமரிப்புத் திட்டங்கள்கூடப் படுத்துவிடுவது இங்கேதான். கன்று நட்டு, திறப்புவிழா நடத்தி, போட்டோவும் எடுத்தாகிவிடும், பங்குனி வெயிலில் தண்ணீர் ஊற்ற மட்டும் ஆள் இருக்காது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு பிடிவாதம் இருக்கும்: வருடாவருடம் வேண்டிய பணத்துக்கு வழி செய்துவிட்டு, அதற்கப்புறம் ஒருமுறைச் செலவுக்குப் பணம் தேடுங்கள். நிறைய சங்கங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

நான் மனதில் வைத்திருப்பது தமிழ்நாட்டு நகரங்களில் இருக்கும் சாதாரணத் தெருமுனைப் பூங்கா. அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ இருக்கும், மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தம், சுற்றி நூறு, நூற்றைம்பது வீடுகள், ஒரு குடியிருப்போர் நலச்சங்கம். சென்னை மாநகராட்சியிடம் மட்டும் 800-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. என்ன மரம், எங்கே நடைபாதை, எந்த நாள் யார் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதல் வேலை: இடம் யாருடையது, இப்போது செலவு செய்வது யார்

பணம் தருகிற எவரும் முதலில் கேட்பது இடத்தின் உரிமையைத்தான். பெரிய மனைப்பிரிவு போடும்போது (10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால்) சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்று சொல்வது இதைத்தான். வரைபடத்தில் பூங்கா என்று பச்சையாக இருந்தும் பத்திரம் எழுதப்படாமல் மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே கிடக்கும் இடங்களும் உண்டு, அப்படி ஒன்றில் போய் லட்சக்கணக்கில் வேலி போட்டுவிட்டுப் பிறகு வழக்கு என்று அலையாதீர்கள். மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகரித்த வரைபடத்தின் நகல், தானப் பத்திரத்தின் நகல், இரண்டும் கையில் இருக்கட்டும். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பத்திரம் சரியாக இருந்தால் சட்டம் உங்கள் பக்கம்.

அடுத்து, யாரும் செய்யாத ஒரு வேலை. உங்கள் பூங்காவைப் பராமரிக்க மாநகராட்சி ஏற்கெனவே ஒரு ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். இந்தப் பூங்காவுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதா, ஒப்பந்த நகல், மாதத்தொகை, எத்தனை பணியாளர்கள் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும், கடைசி மூன்று ஆண்டுகளில் செய்த மூலதன வேலைகள் என்னென்ன, மின் இணைப்பு யார் பெயரில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இருந்து, அது நடக்கவில்லை என்றால், நீங்கள் வசூல் செய்து ஆள் வைப்பது ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் கொடுப்பது. முதலில் அந்த ஒப்பந்தத்தை நடக்க வையுங்கள். ஒரு ரூபாய்கூடத் திரட்டாமல் உங்கள் ஆண்டுச் செலவில் கணிசமான பகுதி இப்படியே குறைந்துவிடலாம்.

செலவை இரண்டு தாளில் எழுதுங்கள்

ஒரு தாளில் ஒருமுறைச் செலவு: வேலி, நடைபாதை, போர்வெல், தொட்டி, பைப்லைன், விளக்கு, கன்றுகள். இன்னொரு தாளில் ஆண்டுச் செலவு. இரண்டாவது தாளை எழுதத்தான் எல்லோருக்கும் கை வராது. அதனால் ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன், தொகைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அரைநாள் வேலைக்கு ஒரு தோட்டக்காரர், மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. மின்கட்டணம், மோட்டார் ஓட்டம் மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000. எரு, கன்று, கருவிகள், ஹோஸ் பைப் 30,000. உடைவது, துருப்பிடிப்பது, மோட்டார் காயில் எரிவது இதற்கெல்லாம் 40,000. தணிக்கை, வங்கி, அச்சு, தபால் 12,000. கூட்டினால் இரண்டரை லட்சம்.

இந்த எண் கைக்கு வந்ததும் ஒருமுறைச் செலவுத் தாளை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இது வந்தால் ஆண்டுச் செலவு எவ்வளவு ஏறும்' என்று எழுதுங்கள். செயற்கை நீரூற்று பக்கத்தில் பெரிய தொகை வரும், அதை அடித்துவிடுங்கள். புல்தரை பக்கத்திலும் வரும், தண்ணீர்ப் பஞ்சமான ஊரில் புல்தரை ஆடம்பரம். திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் என்றால் நன்கொடையாளர்களுக்கு அப்படி ஒரு ஆசை, பெயர்ப்பலகை வைக்க வசதியாக இருப்பதாலோ என்னவோ. உடைந்தால் யார் பழுது பார்ப்பது என்று எழுத்தில் பதில் வராதவரை வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆடும் கருவியில் குழந்தை கை மாட்டினால் சங்கத்தைத்தான் கேட்பார்கள். வேம்பு, புங்கன், மகிழம், பூவரசு மாதிரி நம் மண்ணின் மரங்கள் மூன்று கோடை தாண்டிவிட்டால் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. ஆண்டுச் செலவைக் குறைக்கிற ஒருமுறைச் செலவுகளும் இருக்கின்றன: மழைநீர் தேங்கி இறங்கும் பள்ளங்கள், இலைக்குப்பையை உரமாக்கும் தொட்டி, சொட்டுநீர்க் குழாய். இவற்றைப் பட்டியலில் மேலே ஏற்றுங்கள்.

எழுத்தில் அனுமதி

கவுன்சிலர் தோளில் தட்டிக்கொடுத்து "செய்யுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று சொல்வது அனுமதி ஆகாது. அவர் பதவிக்காலம் முடியும், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) மாற்றலாகிப் போவார். ஆணையருக்கு மனு, மண்டல அலுவலகத்துக்கு நகல், ஒப்புகைச் சீட்டு, கடைசியில் புரிந்துணர்வு ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள், யார் எதற்குப் பொறுப்பு, கேட் சாவி யாரிடம், மின்கட்டணம் யார் கட்டுவது, நன்கொடையாளர் பலகை எந்த அளவில் வைக்கலாம், சங்கம் போட்ட பொருள்கள் ஒப்பந்தம் முடிந்தால் யாருக்குச் சேரும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பூங்கா எல்லோருக்கும் திறந்திருக்கும் என்ற வரியும் இருக்கட்டும். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்று பூட்டுப் போட்டால் அது பொதுச்சொத்தை வளைப்பதுதான், நல்ல நன்கொடையாளர்களும் அந்த இடத்திலேயே விலகிவிடுவார்கள்.

இதில் இரண்டு மாதிரிகளைச் சென்னையிலேயே பார்க்கலாம். மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவை சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் நெடுங்காலமாகப் பராமரித்து வருகிறது. முழுப் பூங்காவையும் ஒரே நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் முறை அது. கோட்டூர்புரம் மரப்பூங்கா வேறு மாதிரி: அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை நிழல் என்ற அமைப்பு அரசின் அனுமதியோடு தன்னார்வலர்களை வைத்து மரக்காடாக மாற்றியது. முதல் முறை மயிலாப்பூர் மாதிரி பெயர்பெற்ற இடத்துக்குக் கிடைக்கும். பெயர் தெரியாத புறநகர்ப் பூங்காவுக்கு ஒரே நிறுவனம் வரும் என்று காத்திருந்தால் காலம்தான் போகும், இரண்டாவது முறையைத்தான் நம்ப வேண்டும், கூடவே கொஞ்சம் பணம்.

பணம் வாங்கத் தகுதியுள்ள அமைப்பு

தனிநபர் ஜி-பே எண்ணுக்கு வசூல் செய்யாதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆறாவது மாதம் ஒருவர் கேள்வி கேட்பார், அவர் கேட்பதும் நியாயம்தான்.

உங்கள் நலச்சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறதா, ஆண்டறிக்கையும் கணக்கும் மாவட்டப் பதிவாளரிடம் ஒழுங்காகத் தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்ய ஏழு பேர் போதும், ஆனால் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கங்கள்தான் அதிகம். பான் எண், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, அந்தக் கணக்கோடு இணைந்த க்யூஆர் கோடு. பூங்காவுக்குத் தனிக் கணக்கு வைப்பது இன்னும் நல்லது, தண்ணீர் லாரிப் பணமும் பொங்கல் விழாப் பணமும் இதில் கலக்கக் கூடாது.

பெரிய பணம் வேண்டும் என்றால் வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக் கழிவு) பதிவு தேவைப்படும். உறுப்பினர்களின் சொந்த நலனுக்காக இருக்கும் நலச்சங்கத்துக்கு இவை கிடைப்பது கஷ்டம். பூங்காவுக்கென்று தனியாக ஒரு பொது அறக்கட்டளை எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது ஒரு வழி. ஆனால் அதற்குத் தணிக்கை, வருமான வரித் தாக்கல், நன்கொடைப் படிவங்கள் என்று ஆண்டுதோறும் வேலையும் செலவும் இருக்கிறது. ஐந்து லட்சத்துக்குக் கீழ்தான் திரட்டப் போகிறீர்கள் என்றால் என் கருத்தில் அது தேவையில்லாத பாரம். ஏற்கெனவே பதிவுள்ள உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து அதன் வழியாகப் பணம் வாங்குவது எளிது. தவிர 80ஜி கழிவுக்கு முன்பிருந்த மவுசு இப்போது இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன, ரசீது அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தெருவிலிருந்து வரும் பணம்

ஆண்டுச் செலவின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வர வேண்டும். வேறு யாரும் தோட்டக்காரர் சம்பளத்தைத் தொடர்ந்து தரப் போவதில்லை.

மேலே சொன்ன இரண்டரை லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். 150 வீட்டில் 90 வீடு மாதம் 150 ரூபாய் கட்டினால் ஆண்டுக்கு 1,62,000. மீதி 88,000. தெருவில் இருக்கும் கிளினிக், பள்ளி, மளிகைக்கடை, ஜிம் இவற்றில் இரண்டு பேர் ஆண்டுக்கு 25,000 தந்தால் 38,000 மிச்சம். அதை நினைவு மரங்களில் எடுக்கலாம்: பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், தாத்தா பாட்டி நினைவு என்று ஒரு மரத்துக்கு 3,000, அதில் கன்றின் விலை சொற்பம், மீதி மூன்று ஆண்டு பராமரிப்புக்கு. இதை முதலிலேயே சொல்லி வாங்குங்கள். நினைவு பெஞ்சுக்கும் அப்படியே, பெஞ்சு விலையோடு ஐந்து ஆண்டு பெயின்ட், பழுதுச் செலவையும் சேர்த்து ஒரே விலை. பெஞ்சு விலையை மட்டும் வாங்கினால் நன்கொடை அல்ல, கடன்தான் வந்து சேரும்.

எல்லா வீடும் கட்டும் என்று கணக்குப் போடாதீர்கள். அறுபது சதவீதம் கட்டினாலே நல்ல தெரு. மாதாமாதம் படியேறி வசூலிப்பதைவிட ஏப்ரலில் ஆண்டுத் தொகையாக வாங்குவது எல்லோருக்கும் நிம்மதி. வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள், பூங்காவை அதிகம் பயன்படுத்துவது பல தெருக்களில் அவர்கள்தான், வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் வெளியூரில் இருப்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்பதாக இருந்தால் நீளமாக எழுத வேண்டாம், எண்ணைச் சொல்லுங்கள். இப்படி:

"நம் பூங்காவுக்கு இந்த ஆண்டுச் செலவு ரூ. 2,50,000. அதில் தோட்டக்காரர் திரு. ____ அவர்களின் சம்பளம் ரூ. 1,44,000. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ரூ. 1,800. இன்றுவரை 41 வீடுகள் கட்டியிருக்கின்றன, 90 வேண்டும். சங்கக் கணக்கின் க்யூஆர் கீழே. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி பூங்கா பலகையில் ஒட்டப்படும்."

கட்டாதவர்கள் பட்டியலைப் பொதுவில் போடும் யோசனை யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம், அந்தத் தெருவில் அதற்கப்புறம் யாரும் யாருடனும் பேசமாட்டார்கள்.

குலுக்கல் சீட்டு விற்று நிதி திரட்டும் யோசனையும் வரும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது, பரிசுக் குலுக்கலுக்கு டிக்கெட் விற்றால் சட்டச் சிக்கலில் போய் நிற்கலாம். பழைய புத்தகச் சந்தை, வீட்டுப் பலகாரக் கடை, குழந்தைகள் ஓட்டப்பந்தயம் இவற்றில் பணம் கொஞ்சம்தான் வரும், ஆனால் ஆட்கள் வருவார்கள். அடுத்த ஏப்ரலில் சந்தா கேட்கும்போது அந்த முகங்கள் உதவும்.

அரசுப் பணம்: எது கிடைக்கும், எது கிடைக்காது

மாநகராட்சியோ அரசோ உங்கள் கையில் காசைக் கொடுக்காது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர் விட்டு அவர்கள்தான் வேலையைச் செய்வார்கள். உங்கள் வேலை எஸ்டிமேட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வது. சும்மா விட்டால் எஸ்டிமேட் முழுக்க பேவர் பிளாக்கும் கிரானைட் பெஞ்சும் வரும், மண்ணே தெரியாத பூங்கா ஒன்று உருவாகும். ஏ.இ. எஸ்டிமேட் போடும்போதே உங்கள் திட்டத்தின் வரைபடத்தோடு போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது 'நமக்கு நாமே' திட்டம். 1997-98-இல் வந்தது, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-இல் நகர்ப்புறங்களுக்கும் சேர்த்துப் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. பொதுமக்கள் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். 9 லட்சத்துக்கு வேலியும் நடைபாதையும் என்றால் நீங்கள் 3 லட்சம், அரசு 6 லட்சம். பூங்கா, விளையாட்டுத் திடல், மரம் நடுதல் எல்லாம் இதற்குள் வரும். அந்த 3 லட்சமும் தெருவிலிருந்தே வர வேண்டும் என்றில்லை, நிறுவனம் கொடுத்தாலும் பங்களிப்புதான். பாதிக்கு மேல் நீங்களே போட்டால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் கேட்கலாம், தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிற சங்கத்துக்கு அது பெரிய விஷயம். வழிமுறை இதுதான்: சங்கக் கூட்டத்தில் தீர்மானம், ஆணையருக்கு விருப்பக் கடிதம், பொறியாளர் எஸ்டிமேட், பங்குத்தொகை கட்டுதல், நிர்வாக அனுமதி, டெண்டர். பங்குத்தொகையைக் கட்டும் முன் எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரியையும் படியுங்கள், கட்டிய பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. கேட்கத் தயங்காதீர்கள், ஆனால் இவை நிலைத்து நிற்கும் சொத்து உருவாக்கத்துக்கு. போர்வெல், சுற்றுச்சுவர், விளக்குக் கம்பம் கேட்கலாம், தோட்டக்காரர் சம்பளம் கேட்க முடியாது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்து புது வேலை எல்லாம் நின்றுவிடும், எனவே தேர்தல் ஆண்டில் இந்தக் கதவை நம்பி எதையும் வைக்காதீர்கள். கவுன்சிலரின் வார்டு நிதி சின்னது, ஆனால் விரைவில் வரும், உடைந்த கேட், மோட்டார் மாதிரி வேலைகளுக்கு அதுதான் சரி. வார்டு மக்களுக்கான பகுதி சபைக் கூட்டத்தில் கோரிக்கையை வைத்து அது மினிட்ஸில் ஏறியதா என்று பாருங்கள், வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

2021 அக்டோபரில் தொடங்கிய ஒன்றிய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத் 2.0 மாதிரித் திட்டங்களிலும் பசுமைவெளிகளுக்கு இடம் உண்டு. அதில் ஒரு சங்கம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, உள்ளாட்சி அனுப்பும் பட்டியலில் உங்கள் பூங்கா பெயரைச் சேர்க்க வைப்பதுதான் நம்மால் ஆனது.

சி.எஸ்.ஆர்.: பெரிய பெயர்களை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) என்று சொல்வது இதைத்தான். அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சுற்றுச்சூழல், மரம் செடி, இயற்கை வளப் பாதுகாப்பு எல்லாம் இருக்கிறது, உங்கள் கடிதத்தில் 'பூங்கா அழகுபடுத்தல்' என்று எழுதாமல் இந்தத் தலைப்பில் எழுதுங்கள்.

எல்லோரும் ஓடுவது பெரிய ஐ.டி. கம்பெனிகளை நோக்கி. அங்கே உங்கள் மின்னஞ்சலை யார் திறக்கிறார்கள்? சராசரி லாபம் 5 கோடி உள்ள நிறுவனம் 10 லட்சம் செலவழித்தாக வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனங்கள் அம்பத்தூர், கிண்டி, ஓசூர் தொழிற்பேட்டைகளிலும் கோவையின் பம்ப், பவுண்டரி வட்டாரத்திலும் திருப்பூரிலும் எத்தனையோ இருக்கின்றன. செலவழிக்க வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அவர்களுக்குத் தனி சி.எஸ்.ஆர். குழுகூடத் தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவு செய்துவிடலாம். முதலாளியை நேரில் பார்த்துப் பேச முடிந்தால் முடிவும் சீக்கிரம் வரும். உள்ளூருக்கு முன்னுரிமை தரச் சட்டமும் சொல்கிறது, பூங்காவிலிருந்து அவர் ஆலை எவ்வளவு தூரம் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படும் வேலை சி.எஸ்.ஆர். கணக்கில் வராது, அதனால் பொதுப் பூங்கா என்பது அவர்களுக்கும் வசதி.

இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. சி.எஸ்.ஆர். பணத்தை வாங்கி வேலை செய்யும் வெளி அமைப்புக்கு 12ஏ, 80ஜி, மூன்று ஆண்டு அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எல்லாம் வேண்டும், இந்தப் பதிவு 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். நேற்றுத் தொடங்கிய அறக்கட்டளையால் முடியாது. பழைய அமைப்பு ஒன்றின் வழியாக வாங்குங்கள், அல்லது நிறுவனமே நேரடியாக வேலையைச் செய்து பில்லைக் கட்டட்டும், அல்லது மாநகராட்சி வழியாகப் போகட்டும். மூன்றில் இரண்டாவதுதான் சின்னப் பூங்காவுக்கு நல்லது, உங்கள் கையில் பணமே வராது, தலைவலியும் வராது.

கடிதம் இரண்டு பக்கம் போதும். இடம், உரிமை, மாநகராட்சி அனுமதி நகல், காலையும் மாலையும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணிய கணக்கு, என்ன வேலை, மூன்று கொட்டேஷன், பிறகு மிக முக்கியமாக, தெருக்காரர்கள் ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறார்கள் என்ற வரி. கொடுப்பவருக்குள்ள பயம் எல்லாம் அடுத்த ஆண்டு இது பாழாகிவிடுமோ என்பதுதான், அந்த ஒரு வரியைப் பார்த்தால் அது போய்விடும். முடிந்தால் மூன்று ஆண்டுத் திட்டமாகக் கேளுங்கள்: முதல் ஆண்டு நடுவதற்கு, அடுத்த இரண்டு ஆண்டுகள் தண்ணீருக்கும் ஆளுக்கும். தொடர் திட்டங்களுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

பணமாக வராத உதவி

வனத்துறை நாற்றங்காலில் கன்று கேளுங்கள், 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்குப் பிறகு நாட்டு மரக்கன்றுகள் கிடைப்பது எளிதாகியிருக்கிறது. பக்கத்துக் கல்லூரியின் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை கணக்கு இருக்கிறது, பேராசிரியரிடம் தேதியோடு குறிப்பிட்ட வேலையாகச் சொல்லிக் கேட்டால் அனுப்புவார். குழி தோண்டவும் பாத்தி கட்டவும் அவர்கள் போதும், ஆனால் மே மாதம் விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களில் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில், அடுத்து வரப்போகும் தலைவரைப் பாருங்கள், இருக்கிற தலைவர் தன் பட்டியலை முடித்துக்கொண்டிருப்பார். ரோட்டரி 2021 முதல் சுற்றுச்சூழலையும் தன் முக்கியத் துறைகளில் சேர்த்திருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்

ஒவ்வொரு தெருவிலும் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ நாலு பேர் இருப்பார்கள், "நான் அனுப்பறேன்" என்பார்கள். இங்கே ஒரு கோடு இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், இங்கே பிறந்தவராகவே இருந்தாலும், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கும் வேண்டும். தெருச் சங்கம் அந்தப் பக்கமே போக வேண்டாம். கடவுச்சீட்டு எது என்று கேட்டு, எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொண்டு, இந்தியக் குடிமக்களிடம் மட்டும் வாங்குங்கள். மற்றவர் ஊருக்கு வரும்போது ஒரு நாள் மண்வெட்டி பிடிக்கட்டும்.

பணம் வரும் மாதமும் மழை வரும் மாதமும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் நிறுவனங்களின் பணம் மாசியிலும் பங்குனியிலும் வரும். மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டுமே என்று பிப்ரவரியில் போன் வரும், "ஐந்நூறு கன்று நடலாமா?" என்பார்கள். நட்டால் மே மாதத்துக்குள் பாதி காய்ந்துவிடும். கோடையில் வந்த பணத்தைத் தொட்டி, பைப்லைன், வேலி, மண் சீரமைப்பு என்று போடுங்கள். கன்றுக்கான பணத்தை ஆகஸ்டுக்குள் கையில் வைத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழையோடு புரட்டாசி, ஐப்பசியில் நடுங்கள். நன்கொடையாளருக்கு விழா வேண்டும் என்றால் தொட்டியைத் திறந்துவைக்கச் சொல்லலாம், அதிலும் போட்டோ நன்றாகத்தான் வரும்.

மொத்த வரிசை இப்படி அமைந்தால் வசதி: ஜனவரியில் தகவல் உரிமை மனு, பிப்ரவரி மார்ச்சில் அனுமதி வேலை, ஏப்ரலில் தெருச் சந்தா, மே மாதம் ரோட்டரி, ஜூன் ஜூலையில் 'நமக்கு நாமே' கடிதமும் நிறுவனங்களுக்கான கடிதமும், அக்டோபரில் நடவு. அனுமதி இழுத்தால் மற்றதெல்லாம் தள்ளிப்போகும், ஆனால் சந்தா வசூலை மட்டும் தள்ளாதீர்கள், ஒரு லட்சமாவது கணக்கில் இருக்கும் சங்கத்தை அதிகாரிகளும் வேறு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

கணக்கும் புதுப்பிப்பும்

மாதம் ஒரு தாள் பலகையில்: வரவு, செலவு, இருப்பு. பில் இல்லாத செலவுக்குக் கையெழுத்திட்ட வவுச்சர். தோட்டக்காரர் சம்பளம் வங்கி வழியாக. ஆண்டுச் செலவில் ஆறு மாதத் தொகையை நிரந்தர வைப்பாகப் போட்டு, பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் தொட முடியாதபடி வையுங்கள், நிர்வாகிகள் மாறும் ஆண்டில் சந்தா நின்றுபோகும்போது தோட்டக்காரர் சம்பளம் இதிலிருந்துதான் போகும்.

பணம் கொடுத்த நிறுவனத்துக்கும் ரோட்டரிக்கும் கேட்காமலே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் அனுப்புங்கள்: நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை, ஒரே இடத்திலிருந்து எடுத்த முன்பின் படங்கள். செத்த கன்றுகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள், ஐந்நூறும் பிழைத்தது என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். அப்புறம் மாநகராட்சி ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிப்பு மனுவைக் கொடுத்துவிடுங்கள். கூடவே தணிக்கை செய்த கணக்கு, சந்தா கட்டிய வீடுகளின் எண்ணிக்கை, அடுத்த ஆண்டு வேலைப் பட்டியல் மூன்றையும் இணையுங்கள், வழக்கம்போல ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.